மீந்த எழுத்தை என்ன செய்வது: கர்னல் நினைவக ஒதுக்கீட்டில் மூன்று வழிகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் பராமரித்து வந்த சர்வர் ஒரு மழை இரவில் நின்றுபோனபோது, காரணத்தைச் சொல்லும் நினைவகப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பதிவை எடுக்கும் மாற்று கர்னலுக்கு (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) இடம் ஒதுக்கிவைக்க, கணினி தொடங்கும்போது படிக்கப்படும் பூட் வரியில் ‘கிராஷ்கர்னல்=256எம்’ (256 மெகாபைட்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘256எம்பி’ என்று எழுதியிருந்தேன். ‘பி’ என்ற எழுத்து புரியவில்லை என்று கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் பதிவு செய்திருக்கிறது. நான்தான் அந்த வரியைப் படிக்கவில்லை.

லினக்ஸில் இவ்வகை அளவுகளைப் படிப்பது மெம்பார்ஸ் என்னும் செயற்கூறு. அது எண்ணைப் படித்து, அடுத்து கே, எம், ஜி (கிலோ, மெகா, ஜிகா) போன்ற எழுத்து இருந்தால் பெருக்கி, எந்த இடத்தில் நின்றது என்பதையும் தெரிவிக்கும். ஆனால் பிழை என்று எதையும் சொல்லாது. படிக்காமல் மீந்ததை என்ன செய்வது என்பது அதை அழைக்கும் நிரலின் பொறுப்பு.

கிராஷ்கர்னல் நிரல் கண்டிப்பானது: மீந்த எழுத்தைக் கண்டால் எச்சரித்துவிட்டு, ஒதுக்கீட்டையே கைவிடும். கேமரா போன்ற சாதனங்களுக்குத் தொடர்ச்சியான நினைவகத்தை ஒதுக்கிவைக்கும் சிஎம்ஏ அளவுருவின் நிரலோ தாராளமானது: ‘64எம்பி’ என்றால் கடைசி எழுத்தைப் பொருட்படுத்தாமல் 64எம் ஒதுக்கும். எழுதியவர் நினைத்ததே நடப்பதால் இது நல்லதாகத் தோன்றும், ஆனால் ‘1.5ஜி’ என்று கொடுத்தால் மெம்பார்ஸ் புள்ளியிலேயே நின்றுவிட, கேட்ட அளவு 1 பைட் என்று ஆகிவிடுகிறது, மீந்த எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் வராது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில், கர்னல் பயன்படுத்தும் மொத்த நினைவகத்துக்கு வரம்பு வைக்கும் ‘மெம்’ அளவுரு மூன்றாவது வழியில் செல்கிறது: மதிப்பு சுழியமாக இருந்தால் மட்டும் மறுக்கும், ஆகவே ‘1.5ஜி’ அங்கும் 1 பைட்டாக ஏற்கப்பட்டுவிடும்.

என் தேர்வு கண்டிப்பான வழியே, அதனால் ஒரு பதிவை இழந்தவன் என்றபோதிலும். ஆனால் அதுவும் முழுமையானதல்ல. அலகே இல்லாமல் ‘256’ என்று எழுதினால் மீந்த எழுத்து எதுவும் இல்லாததால், அதை 256 பைட் என்று ஏற்றுக்கொள்கிறது. அதில் எந்தக் கர்னலையும் ஏற்ற முடியாது. எழுத்தைச் சோதிப்பதோடு, குறைந்தபட்ச அளவையும் அங்கேயே சோதிக்க வேண்டும்.

சிஎம்ஏவைத் திருத்தும்போது மட்டும் நிதானம் தேவை. ‘64எம்பி’ என்று எழுதி இன்று ஒழுங்காக ஓடும் கணினி, கர்னலைப் புதுப்பித்த மறுநாள் கேமராவுக்கான நினைவகத்தை இழக்கக் கூடாது. ஆகவே அங்கே மதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மட்டும் சேர்ப்பதும், புதிதாக வரும் அளவுருக்களில் முதல் நாளிலிருந்தே மறுப்பதுமே சரி என்று கருதுகிறேன்.