வலி மேலே ஏறினால் நல்லது: சியாட்டிகாவுக்கு நான் பயன்படுத்திப் பார்த்தவை

சியாட்டிகாவுக்காக, அதாவது கீழ்முதுகில் நரம்பு அழுந்தி இடுப்பிலிருந்து கால் வழியாக இறங்கும் வலிக்காக, எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: அதற்கப்புறம் வலி எங்கே இருக்கிறது? கூடியதா குறைந்ததா என்பது அடுத்த கேள்விதான். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, அங்கிருந்து பிட்டத்துக்கு ஏறி, கடைசியில் இடுப்பின் நடுவில் வந்து நின்றால் அது நல்ல சேதி. அந்த நேரத்தில் இடுப்பு முன்பைவிட அதிகமாக வலித்தாலும் நல்ல சேதிதான். இடுப்பு லேசாகி, கால் மட்டும் பாதம் வரை இழுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், மே மாதம் வந்தால் பள்ளிச் சீருடை. காலையிலிருந்து இருட்டும் வரை மிஷினில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கும் தொழில். எனக்கு வலி வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டு விரல் வரை போகும். சுண்டு விரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்துக் கிடக்கும். தும்மினால் கால் முழுக்கச் சுளீர் என்று இழுக்கும்.

சியாட்டிக் நரம்புதான் நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ்முதுகிலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. எந்த வேர் அழுந்துகிறதோ அதைப் பொறுத்து வலி போகும் பாதை மாறும். எல்5 வேர் (இடுப்பின் கடைசி முள்ளெலும்பை ஒட்டிக் கிளம்புவது) என்றால் பாதத்தின் மேல்பக்கமும் கட்டை விரலும்; எஸ்1 வேர் (அதற்குக் கீழே உள்ள எலும்பிலிருந்து கிளம்புவது) என்றால் கெண்டைக்காலும் சுண்டு விரலும். ஆகவே எந்த விரல் மரத்துப்போகிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பயன் உண்டு.

ஸ்கேன் எடுக்கக் கோவைக்கு இறங்கினோம். எல்5, எஸ்1 எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி வலது நரம்பு வேரைத் தொடுகிறது, அதற்கு மேலே இருக்கும் டிஸ்கிலும் லேசான பிதுக்கம் என்று அறிக்கையில் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் பேச்சை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தைரியம் கொடுத்தது 1994-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதாவது படத்தில் பிதுக்கம் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. எனக்கு மரத்துப்போன இடமும் படமும் பொருந்தியதால் காரணம் தெளிவாக இருந்தது. அப்படியும், பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைத்துச் சுருக்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான் என்று மருத்துவர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கால்வலி அடங்கிவிடும். எனக்கு அதையும் தாண்டி நீண்டதால்தான் இவ்வளவையும் பயன்படுத்திப் பார்க்க நேர்ந்தது.

முதலில் பெல்ட். பின்பக்கம் உலோகப் பட்டை வைத்த இடுப்பு பெல்ட்டைச் சில மாதங்கள் தொடர்ந்து கட்டினேன். கட்டியிருக்கும்போது ஒரு பிடிமானம் கிடைக்கிறது, குனிய விடாமல் நினைவுபடுத்துகிறது. ஆனால் கால்வலி இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலும் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வேண்டாம் என்றே சொல்கிறது. துணி எடுக்க மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் மட்டும் இப்போது பெல்ட் கட்டுகிறேன். அந்த மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் ஒடிக்கும்போது கொஞ்சம் உதவுகிறது. மற்ற நாட்களில் அது அலமாரியில்.

வெந்நீர்ப் பையை விடவே மாட்டேன். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், டிசம்பர் ஜனவரிப் பனியில், இடுப்புத் தசை கல்லாக இறுகிவிடும். பையை வைத்துக்கொண்டால் தசை இளகி உடற்பயிற்சி செய்ய முடிகிறது. நரம்பு வலிக்கு அது மருந்தில்லை, பயிற்சிக்கு முன் வாசல் திறந்துவிடுகிறது, அவ்வளவே. மின்சார ஒத்தடப் பட்டையும் வாங்கினேன். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போய்விடும் என்பதால் ரப்பர் பைதான் கடைசியில் கைகொடுத்தது. இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை: மரத்துப்போன கெண்டைக்காலிலோ பாதத்திலோ சூடு வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும்.

தைலம் பற்றி வெளியூர் உறவினர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், நீலகிரியில் இருப்பதால். யூகலிப்டஸ் தைலம் வலிக்கு எனக்கு ஒன்றும் செய்யவில்லை, சளிக்கு நல்லது. விண்டர்கிரீன் தைலம் வேறு. நீலகிரியில் வளரும் கோல்தீரியா செடியின் இலையில் காய்ச்சி எடுப்பது. அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். கடையில் விற்கும் வலி களிம்புகள் பலவற்றில் இருப்பதும் இதுதான். தேங்காய் எண்ணெயில் சில சொட்டுக் கலந்து இடுப்பில் தேய்த்தால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், இறுக்கம் விடும். கால்வலியை அது தொடவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். தேய்த்த இடத்தின் மேல் வெந்நீர்ப் பையும் வைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து.

மாத்திரையில், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் கொடுத்தார்கள். தலைசுற்றல் வந்தது. மிஷின் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைத்து வேலை செய்யும் எனக்கு அது சரிப்படவில்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகா நோயாளிகளிடம் செய்த சோதனையில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட பிரிகாபலின் கால்வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என்றும், தலைசுற்றல் போன்ற தொந்தரவு அதிகம் என்றும் தெரிந்தது. என் மருத்துவரிடம் சொன்னதும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். சட்டென்று நீங்களாக நிறுத்தக் கூடாத மருந்து அது.

மெத்தை விஷயத்தில் ஊரே ஒரே குரலில் 'தரையில் படு' என்கிறது. கோத்தகிரிக் குளிரில் சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் படுத்தால் விடியும்போது எழவே முடியவில்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தையோ நடுவில் குழிந்து போயிருந்தது. ஸ்பெயினில் 313 பேரிடம் செய்து 2003-ல் வெளிவந்த ஆய்வு, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்று சொல்கிறது. தென்னைநார் மெத்தையின் மேல் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. தூக்கம் நன்றாக வந்தது. தூக்கம் வந்தால் மறுநாள் எல்லாமே லேசாகிறது.

சரி, வலியை நிஜமாகவே மேலே ஏற்றியது எது என்றால், குப்புறப் படுப்பதுதான்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போன முதல் நாள், "அக்கா, எவ்வளவு வலிக்குதுன்னு அப்புறம் சொல்லுங்க. எங்க வலிக்குதுன்னு முதல்ல கையால தொட்டுக் காட்டுங்க" என்றார். கெண்டைக்காலைத் தொட்டேன். குப்புறப் படுக்கச் சொன்னார், வெறுமனே. கொஞ்ச நேரம் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்கச் சொன்னார். அதற்கப்புறம் உள்ளங்கைகளை ஊன்றி, கைகளை நீட்டி, இடுப்பும் தொடையும் மெத்தையிலேயே தொங்கும்படி மேலே எழும்பச் சொன்னார். பத்து முறை. முடிந்ததும் மறுபடி தொட்டுக் காட்டச் சொன்னார். என் கை தொடைக்குப் போனது. இடுப்பில் நன்றாகவே வலித்தது, ஆனால் கெண்டைக்காலில் வலி இல்லை.

நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1956-ல் தற்செயலாகக் கண்டது இது. தலைமாடு உயர்த்தி வைத்திருந்த படுக்கையில் ஒரு நோயாளி குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்கள் கழித்து வந்து பார்த்தால் பல நாளாக விடாத அவருடைய கால்வலி போயிருந்தது. வலி நுனியிலிருந்து நடுவுக்குத் திரும்புவது குணமாகும் அறிகுறி என்று மெக்கென்சி பிறகு வகுத்தார். யோகா செய்பவர்களுக்குப் புஜங்காசனம் நினைவுக்கு வரும். வித்தியாசம் உண்டு: புஜங்காசனத்தில் முதுகுத் தசையால் எழும்புகிறோம், இதில் கைகள் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், முதுகு தளர்ந்து கிடக்க வேண்டும்.

ஒரு நாளில் பல தடவை, பத்துப் பத்தாகச் செய்தேன். கடையில் துணிக்கட்டை ஓரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரித்துக்கொள்வேன். முதல் வாரங்களில் வலி ஏறும், மிஷினில் உட்கார்ந்தால் மறுபடி இறங்கும். பிறகு ஏறிய இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது. மழைக்காலம் முடிவதற்குள் – இங்கே ஐப்பசி கார்த்திகைதான் பெருமழை – வலி பிட்டத்துக்குக் கீழே வருவது அபூர்வமாகிவிட்டது.

இது எல்லோருக்கும் ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் மாமியார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருக்கும் இரண்டு காலும் கடுக்கும். "கண்ணு, நீ பண்றதை எனக்கும் சொல்லிக் குடு" என்றார். ஆனால் அவருக்கு நடந்தால் வலி, உட்கார்ந்தால் விட்டுவிடும்; நிமிர்ந்தால் வலி, முன்னால் குனிந்தால் சுகம். என் வலிக்கு நேர் எதிர். அது முதுகுத்தண்டுக் குழாய் வயதால் சுருங்குவதால் வருவது. பின்னால் வளைத்தால் குழாய் இன்னும் நெருங்கும். பிசியோதெரபிஸ்ட் அவருக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சியைக் கொடுத்தார், அவருக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தொழிலை விட முடியாது, ஆகவே தொழில் செய்யும் விதத்தை மாற்றினோம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற மருத்துவர் 1960-களில் மனிதர்களின் டிஸ்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம், முன்னால் சாய்ந்தால் அதைவிட அதிகம் என்று கண்டார். தையல்காரரின் நாள் முழுவதுமே அந்த நிலைதான். தரையில் விரித்து வெட்டிய துணியை இப்போது நின்றுகொண்டு மேஜையில் வெட்டுகிறேன். தச்சர் கால்களுக்குக் கட்டை கொடுத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றித் தந்தார். மிஷினுக்கு மோட்டார் வைத்ததால் வலது கால் ஓயாமல் மிதிப்பது நின்றது. ஸ்டூலின் பின்பாதியில் மடித்த துணியை வைத்து உயர்த்தினேன், இடுப்பு தானாக நிமிர்கிறது. எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது பாபின். பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சில முறை வளைந்துவிட்டுத்தான் அடுத்த பாபின் போடுவேன். கைபேசியில் அலாரம் வைத்தால் அணைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். நூல் தீர்ந்தால் மிஷின் ஓடாது.

இன்னொன்று, காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே மாட்டேன். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம். வாசல் கூட்டுவது, துணி துவைப்பது எல்லாம் வெயில் வந்த பிறகுதான்.

வலி இடுப்போடு நின்றபின் நடக்க ஆரம்பித்தேன். கடையை அடைத்துவிட்டு, வெள்ளைக்காரர் காலத்துக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா இருக்கும் கன்னேரிமுக்குப் பக்கம் போய் வருவேன். ஏற்றத்தில் சின்ன அடி, இறக்கத்தில் இன்னும் சின்ன அடி. 2024-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரில் நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுவளவாக 208 நாள் ஆனது. சேராதவர்களுக்கு 112 நாள். செலவே இல்லாத ஒன்றுக்கு இது பெரிய பலன்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீர் போக முடியாமல் அல்லது அடக்க முடியாமல் ஆவது, மலம் கழிவது தெரியாமல் போவது, உள்தொடையும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது – இவற்றில் எது வந்தாலும் காலை பஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தம். அன்று இரவே 108-ஐ அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள். நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் தட்ட ஆரம்பித்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு இன்னும் சுண்டு விரலின் ஓரம் முழுதாக உணர்வு திரும்பவில்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். வலது காலை மட்டும் ஊன்றி நுனிக்காலில் எழும்பச் சொல்லி அவ்வப்போது பார்க்கிறார். எஸ்1 நரம்பின் பலம் அதில்தான் தெரியும். தொடக்கத்தில் குதிகாலைத் தூக்கவே முடியாது. இப்போது இடது காலுக்குக் கிட்டத்தட்ட சமமாக எழும்புகிறேன். சீருடை சீசனில் வலி தொடைக்கு எட்டிப் பார்க்கிறது, அன்றைக்கே ஜமுக்காளத்தை விரித்துவிடுகிறேன்.