4கே என்று போட்டிருந்தால் போதுமா? வாராவாரப் புது ரிலீஸ்களை வீட்டில் பார்க்கும் அனுபவம்

'இந்த வாரம் வீட்டில் பார்க்க' என்று வரும் பட்டியல்களில் நான்கு விதமான சரக்கு ஒன்றாகக் கலந்து கிடக்கும். தியேட்டரில் ஓடும்போதே கூடுதல் வாடகைக்கு விடப்படும் படம், சாதாரண வாடகைக்கு இறங்கிய படம், சந்தாவுக்குள் வந்துவிட்ட படம், டிஸ்க்கில் வெளிவரும் படம். ஒரே படம் சில வார இடைவெளியில் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வருவதால், ஒவ்வொரு முறையும் 'புது வரவு' என்ற பட்டத்தோடு கண்ணில் படும். 2020க்கு முன் ஹாலிவுட் படங்களுக்குத் தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 நாள் இடைவெளி இருந்தது. 2020 ஜூலையில் யுனிவர்சலும் ஏஎம்சி தியேட்டர் நிறுவனமும் அதை 17 நாளாகக் குறைத்து ஒப்பந்தம் போட்டன. இன்று படத்துக்குப் படம், ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ கணக்கு மாறுகிறது. முதல் படியில் கேட்கும் வாடகை, நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே கட்டுப்படியாகும். தனியாகப் பார்ப்பவர் அடுத்த படி வரை பொறுத்தால் அதே படம், அதே தரம், பாதிச் செலவுக்கும் கீழே கிடைப்பது சகஜம்.

வாடகையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. பெரும்பாலான சேவைகளில் படத்தைத் தொடங்க 30 நாள் அவகாசம். ப்ளே அழுத்தியதிலிருந்து முடிக்க 48 மணி நேரம். 'படம் சரியா வருதான்னு பார்ப்போம்' என்று பத்து விநாடி ஓட்டினாலும் இரண்டாவது கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். டிரெய்லரை வைத்துச் சோதிப்பதிலும் பயனில்லை. பல இடங்களில் டிரெய்லர் எச்டி படமும் ஸ்டீரியோ ஒலியுமாகத்தான் இருக்கும். அதே ஆப்பில் சந்தாவில் கிடைக்கும் வேறொரு 4கே படத்தைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: டிவி ஆப்பில் 4கே தரும் பல சேவைகள் கணினி பிரவுசரில் எச்டி அல்லது அதற்கும் கீழேதான் தரும். நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு வன்பொருளில் இருக்கிறதா, வெறும் மென்பொருளில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த வரம்பு விழுகிறது. சில ஃபோன்களில் திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் படம் மங்கலாகவே வருவதற்கும் இதுதான் காரணம். வைட்வைன் என்ற கூகுளின் பூட்டில் எல்1 (வன்பொருள் பூட்டு) சான்று இல்லாமல் எல்3 (மென்பொருள் பூட்டு) மட்டும் இருந்தால், முக்கியமான சேவைகள் எச்டியே கொடுக்காது.

டிவி பெட்டிக்கு வருவோம். பணம் கட்டியும் 4கே கிடைக்காமல் போவது அதிகம் இங்கேதான். ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்து (ஆப்பிள் டிவி, ஃபயர் டிவி, ரோக்கு போன்றவை) டிவி வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை தெரிந்ததாக இருக்க வேண்டும். நடுவே பழைய ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் கருவி) ஒன்று உட்கார்ந்திருந்தால், சத்தமே இல்லாமல் 1080பி-க்கு, அதாவது எச்டிக்கு, இறங்கிவிடும். சில நேரம் கறுப்புத் திரை. அடுத்தது டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் அமைப்பு. புதிதாக வாங்கிய டிவியிலும் பல போர்ட்டுகள் பழைய அளவிலேயே பூட்டப்பட்டிருக்கும். எல்ஜியில் 'டீப் கலர்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று அந்தப் பூட்டைத் திறக்கும் அமைப்புக்குப் பெயர். எந்த போர்ட்டில் பெட்டியைச் செருகினீர்களோ அந்த போர்ட்டுக்கு மட்டும் இதை ஆன் செய்தாலே எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் நிறத்தையும் விரிந்த வீச்சில் காட்டும் முறை) முழுதாக உள்ளே வரும். ரிமோட்டில் இன்ஃபோ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். பல டிவிகளில் வரும் சிக்னலின் அளவும் எச்டிஆர் உண்டா இல்லையா என்பதும் மூலையில் தெரியும். ஆப்பின் முகப்பில் ஒட்டியிருக்கும் 4கே முத்திரையை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

எச்டிஆரில் இன்னொரு தொல்லை: பெட்டியை 'எப்போதும் எச்டிஆர்' என்று வைத்துவிட்டால் சாதாரணப் படங்களும் பழைய தொடர்களும் வலுக்கட்டாயமாக எச்டிஆராக மாற்றப்பட்டு, முகங்கள் சிவந்தோ வெளிறியோ தெரியும். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட்' என்ற பகுதியில் ஒளி வீச்சு, ஃபிரேம் வேகம் இரண்டையும் ஆன் செய்துவிடுங்கள். ஃபயர் டிவியிலும் ரோக்குவிலும் ஃபிரேம் வேகத்தைப் பொருத்தும் வசதி டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் இருக்கிறது. திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை) அனுப்பினால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் கட்டடங்களின் விளிம்பு தத்தித் தத்தி நகர்வது இதனால்தான். ஃபிரேம் பொருத்தத்தை ஆன் செய்தபின் படம் தொடங்கும்போது ஓரிரு விநாடி திரை கறுக்கும். டிவியும் பெட்டியும் புது வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும் நேரம் அது, கோளாறு இல்லை.

அதோடு, ஃபிரேம்களுக்கு நடுவே டிவியே புது ஃபிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கொரு பெயர். நல்ல பணம் போட்டு எடுத்த படத்தையும் சீரியல் போலக் காட்டிவிடும். 2019இல் டிவி கம்பெனிகளும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் இதையெல்லாம் ஒரே அழுத்தில் அணைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் அது இருட்டாகத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஸ்ட்ரீமிங்கின் உண்மையான தரம் தெரிவது இருட்டுக் காட்சியில்தான். ஒற்றை விளக்கு எரியும் அறை, பின்னால் வெறும் சுவர். விளக்கிலிருந்து இருட்டை நோக்கி ஒளி மெல்ல மங்க வேண்டிய இடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் விழும். மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. 4கே ஸ்ட்ரீம் பொதுவாக 15 முதல் 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) அடைக்கப்படுகிறது. 4கே டிஸ்க்கோ 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கம்ப்ரஷன் (படத்தின் தரவைச் சுருக்கும் முறை) கணக்குப் போடும் இருட்டுப் பகுதிகள்தான். இரவு நேரமே முக்கியப் பாத்திரமாக இருக்கும் படம் என்றால் டிஸ்க் வரும்வரை காத்திருக்கலாம். பளிச்சென்ற நகைச்சுவைப் படத்துக்கு ஸ்ட்ரீமிங் தாராளம். படம் தொடங்கிய முதல் அரை நிமிடத்தை வைத்துத் தரத்தை எடைபோட வேண்டாம். ஆப் குறைந்த அளவில் தொடங்கித்தான் மேலே ஏறும். ஒரு சமாச்சாரம்: பல டிவிகளில் கம்பி வழி இணையத்துக்கான லேன் போர்ட்டின் வேகமே 100 எம்பிபிஎஸ்தான். ஸ்ட்ரீமிங்குக்கு அது ஏராளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சுழன்றுகொண்டிருப்பவர்களுக்கு லேன் கேபிள் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒலியில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: வசனம் கேட்கவில்லை, சண்டைக்காட்சியில் காது கிழிகிறது. டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்கள் ஆடியோ மெனுவில் 5.1 ட்ராக்கை (ஆறு ஸ்பீக்கருக்கானது) விட்டு ஸ்டீரியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுங்கள். வசனம் முன்னுக்கு வரும். சவுண்ட்பார் இருந்தால், டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு 'பிசிஎம்' (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்பும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். ஏஆர்சி என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி. சாதாரண ஏஆர்சி வழியாகப் பிசிஎம் இரண்டு சேனல்தான் போகும்; அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வருவது போன்ற டால்பி ஒலி) சவுண்ட்பாரை வாங்கி ஸ்டீரியோ கேட்பதாகிவிடும். ஒலியை அப்படியே அனுப்பும்படி 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள். ஸ்ட்ரீமிங் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற நன்கு சுருக்கிய ஒலி வடிவத்துக்குள் வருவதால் சாதாரண ஏஆர்சியிலும் போகும். டிஸ்க்கில் இருப்பது ட்ரூஎச்டி என்ற, தரம் குறையாத பெரிய வடிவம். டிஸ்க் பிளேயரை டிவியில் செருகியிருந்தால் அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். ஆப்டிகல் கேபிளில் இந்த இரண்டு ஒலி வடிவங்களுமே போகாது. டப்பிங்கில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முகப்பில் அட்மாஸ் முத்திரை இருந்தாலும் அது பெரும்பாலும் மூல மொழி ட்ராக்குக்கு மட்டும். டப்பிங் ட்ராக் 5.1 ஆகவோ ஸ்டீரியோவாகவோ இருக்கும்.

தொடர்களில் நேரக் குழப்பம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் சொந்தத் தொடர்களைப் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரம் நள்ளிரவில் திறக்கிறது. உலக நேரக் கணக்கில் அது குளிர்காலத்தில் காலை 8 மணி, கோடையில் 7 மணி. மார்ச்சிலும் நவம்பரிலும் 'ஒரு மணி நேரம் மாறிப்போச்சே' என்று வரும் குழப்பம் அமெரிக்கக் கடிகார மாற்றத்தால் வருவது. டவுன்லோட் செய்து வைப்பவர்கள், பல டைட்டில்கள் ஒருமுறை ப்ளே செய்த 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நெட் கிடைக்கும் இடத்தில் புதுப்பிக்க முடியும், விமானத்தில் முடியாது.

'வாங்கு' என்ற பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டலில் வாங்குவது லைசென்ஸ் மட்டும். சேவை உரிமையை இழந்தால் படம் உங்கள் பட்டியலிலிருந்து மறையக்கூடும். இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் சட்டமே கொண்டுவந்தது. திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் படம் என்றால் டிஸ்க்தான்.

டிஸ்க்கிலும் புது வெளியீட்டுக்கே உரிய வம்பு இருக்கிறது. பழைய டிஸ்க்குகளை நன்றாக ஓட்டும் பிளேயர், புதுப் படத்தை மட்டும் ஏற்க மறுக்கும். டிஸ்க்கின் பூட்டுச் சாவிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளே இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். 4கே டிஸ்க்குக்குப் பகுதிக் கட்டுப்பாடு (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற வரம்பு) கிடையாது. கூடவே வரும் சாதாரண ப்ளூரேவுக்கு ஏ, பி, சி என்று உண்டு. மூன்று அடுக்குள்ள 100 ஜிபி டிஸ்க்குகள் படத்தின் நடுவில் அடுக்கு மாறும் இடத்தில் உறைந்து நிற்பது பரவலான புகார். புதிதாகப் பிரித்த டிஸ்க்கிலேயே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். அதன்பிறகும் அதே இடத்தில் நின்றால் இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் டிஸ்க்கைத் தயங்காமல் மாற்றிக் கேட்கலாம்.