கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை: ஒரே தண்ணீர், இரண்டு றிப்போட்

நெடுங்கேணிப் பக்கம் எங்கள் வளவில் உள்ள குழாய்க்கிணற்றுத் தண்ணீரைப் போன மாதம் வவுனியாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்தேன். கூடத்தின் பெயரைப் போடவில்லை. சோதனையை ஒழுங்காகச் செய்தார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. றிப்போட்டைக் கையில் தந்த விதத்தில்தான் குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வன்னியில் குழாய்க்கிணறு வைத்திருக்கிற எல்லாரும் ஒருமுறை வாசித்தால் நல்லது.

முதலில் தண்ணீர் கொண்டுபோகிற விஷயம். இரசாயனச் சோதனைக்கு நாங்களே போத்தல் கொண்டுபோகலாம், ஆனால் பிளாஸ்ரிக் போத்தலாக இருக்க வேண்டும். பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருகிற, கூடினால் பல்லைப் பழுதாக்குகிற புளோரைட்டு என்ற உப்பைச் சோதிக்கக் கண்ணாடி ஒத்துவராது என்றார்கள். மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனை என்றால் அவர்கள் தருகிற கிருமி நீக்கிய போத்தல் மட்டும்தான். அதை அலசவே கூடாது, ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்து அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் நாள் கழுவித் துடைத்த சோடாப் போத்தலோடு போய்த் திரும்பி வந்தேன். ஒரு நாள் வேலை போயிற்று. தொலைபேசியில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். இரண்டாம் முறை காலை முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புளியங்குளத்தால் வந்து சேர்ந்தேன், அன்றைக்கு மாதிரியை வாங்கின பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் நடந்தது.

பத்து நாளில் றிப்போட் வந்தது. முழுவதும் ஆங்கிலம். ஒரு நிரலில் எங்கள் தண்ணீரின் அளவுகள், பக்கத்து நிரலில் இருக்கக்கூடிய உச்ச அளவுகள். கிருமி இல்லை. நைத்திரேற்று 50க்குக் கீழே, நல்லது, சுற்றிவரத் தோட்டமும் பசளையும் இருப்பதால் அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். வன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, 470, உச்ச அளவு 250. புளோரைட்டு லீற்றருக்கு 1.3 மில்லிகிராம், உச்ச அளவு 1.0. அடியில் குடிக்க உகந்ததல்ல என்று ஒரு வரி. விளக்கம் கேட்டால், எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லாருக்கும் ஒரே யோசனை. கிணறு பழுதாகிவிட்டது, பக்கத்துக் காணியில் அடித்த புதுக் கிணற்றால்தான் வந்தது என்று அம்மா சொன்னார். நான் தகரப் பெட்டியைக் கிண்டிப் பழைய றிப்போட்டை எடுத்தேன். 2010இல் திரும்பி வந்து குடியேறியபோது ஒரு நிறுவனம் அடித்துத் தந்த கிணறு இது, 2011இல் அவர்களே வேறொரு இடத்தில் சோதித்துத் தந்த தாள் பத்திரமாக இருந்தது. அதில் புளோரைட்டு 1.3. வன்மை 480. அடியில் குடிக்க உகந்தது என்று இருக்கிறது.

இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அப்புறம்தான் வலப்பக்க நிரலைப் பார்த்தேன். பழைய தாளில் அந்த இடத்தில் இரண்டு நிரல் இருக்கிறது: விரும்பத்தக்க அளவு, அனுமதிக்கக்கூடிய அளவு. புளோரைட்டுக்கு 0.6, 1.5. வன்மைக்கு 250, 600. புதுத் தாளில் ஒரே நிரல்தான். கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், மாதிரியை வாங்கின அந்தப் பிள்ளையே எடுத்தது. இரண்டு தாளையும் வாசித்துக் காட்டினேன். "ஐயா, தண்ணி கெட்டுப்போகேல்லை, எஸ்.எல்.எஸ். மாறிட்டுது. உங்கட பழைய தாள் 83ஆம் ஆண்டுக் கணக்கு" என்றது. "அதை ஏன் தங்கச்சி தாளிலை எழுதேல்லை?" என்று கேட்டேன். இலக்கம் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது என்றது. பார்த்தேன், இருந்தது.

விஷயம் இதுதான். இலங்கையில் குடிநீருக்கான அளவுகோல் எஸ்.எல்.எஸ். 614. அதை வெளியிடுவது இலங்கை கட்டளைகள் நிறுவனம். 1983இல் வந்ததை 2013இல் திருத்தினார்கள், இடையில் முப்பது வருடம். திருத்தியபோது அந்த இரண்டு நிரல் முறையை எடுத்துவிட்டு ஒரே உச்ச அளவாக்கி, புளோரைட்டை 1.5இலிருந்து 1.0க்கும் வன்மையை 600இலிருந்து 250க்கும் இறக்கினார்கள். இறக்கினது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 1.5 என்றாலும், வெக்கையான இடத்தில் சனம் கூடத் தண்ணீர் குடிக்கும், அதைக் கணக்கில் எடுத்து அந்தந்த நாடு தன் அளவை வைக்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆடி வெயிலில் வயலில் நிற்கிற மனிசன் எத்தனை செம்பு குடிக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் 2013இல் மாறின கணக்கு எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். உகந்தது என்று எழுதித் தந்த தாள் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது, அந்தத் தாளை நம்பித்தான் எல்லாரும் குடிக்கிறோம். 2011இல் என் மூத்த மகளுக்கு இரண்டு வயது. நிரந்தரப் பற்களின் மிளிரி (எனாமல்) உருவாகிக்கொண்டிருக்கிற எட்டு வயது வரைக்கும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். இன்றைக்கு அவளுடைய முன்பல்லில் வெள்ளைக் கோடும் காவியும் இருக்கின்றன, பல் வைத்தியர் பார்த்தவுடனே தண்ணீரால் வந்தது என்றார். சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. 2013இல் யாராவது ஒரு துண்டுக் கடதாசி கொண்டுவந்து தந்திருந்தால் அதற்குப் பிறகான நான்கு வருடத்துக்காவது வேறு தண்ணீர் தேடியிருப்பேன்.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். துறை தெரிந்தவர்கள் குழுவாக இருந்து வரைவு எழுதுகிறார்கள், அதைப் பொதுமக்கள் கருத்துக்கு விடுகிறார்கள், வந்த கருத்துகளைப் பார்த்துவிட்டு நிறுவனத்தின் சபை ஏற்றுக்கொண்டதும் வெளியிடுகிறார்கள். முறையில் பிழை இல்லை. ஆனால் பொதுமக்கள் கருத்து என்றால் அந்த வரைவு ஒரு பிரதேச சபை அறிவித்தல் பலகையில், தமிழில், வந்தால்தானே எங்களைப் போன்ற ஆட்கள் சொல்ல முடியும்? முடிந்த எஸ்.எல்.எஸ். ஆவணத்தைக் கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற தாளுக்கு விலை வைக்கக் கூடாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வர்த்தமானி அப்படி இல்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சூழல் நீர்த்தர ஒழுங்குவிதிகள் 2019 நவம்பர் 5ஆம் தேதி 2148/20ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தன. காசில்லாமல் எடுத்து வாசிக்கலாம். குளம் ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளை, எளிய சுத்திகரிப்போடு குடிக்க, குளிக்க, மீன் வாழ, பாசனத்துக்கு என்று பயனை வைத்து வகை பிரித்து அளவு போட்டிருக்கிறார்கள். இரணைமடுவைப் பற்றியோ உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ பேசப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது, கழிவுநீருக்கான அளவுகள் 1990இல் வந்து 2008இல் திருத்தப்பட்டன. குளத்துத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத 2019 ஆகியிருக்கிறது.

சரி, கிணறு வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் தாளில் வலப்பக்கம் இரண்டு நிரல் இருந்தால் அது பழைய கணக்கு. அடியில் எஸ்.எல்.எஸ். 614 என்பதற்குப் பின்னால் 2013 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உகந்தது என்ற சொல்லை விட்டுவிட்டு இடப்பக்க அளவை எடுத்துப் புது அளவோடு நீங்களே ஒப்பிடுங்கள், அதற்குக் காசு தேவையில்லை. கொதித்தாறின தண்ணீர் கிருமிக்கு நல்லது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். கேத்தலில் படிகிற வெள்ளைப் படை வன்மையால் வருவது, அதைச் சுரண்டி எடுத்தால் புளோரைட்டு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மண் வடியும் சாதாரணக் கரி வடியும் இதற்கு உதவா. வவுனியாப் பக்கம் மாதிரிப் பாறைக்குள் அடித்த கிணறு என்றால் புளோரைட்டைக் கட்டாயம் சோதியுங்கள், பாறையிலிருந்துதான் அது கரைந்து வருகிறது, தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியிலும் தெரியாது.

ஆர்.ஓ., அதாவது மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கிற முறை, புளோரைட்டை நன்றாகக் குறைக்கும், நாங்கள் இப்போது குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் கடையில் கானில் எடுக்கிறோம். ஆனால் கடைச் சுவரில் மாட்டியிருக்கிற றிப்போட்டின் தேதியைப் பாருங்கள். நான் பார்த்த ஒன்று மூன்று வருடம் பழையது, சவ்வு மாற்றினார்களா என்று கேட்டால் பதில் இல்லை. வேறு இடத்துக்கு மாறிவிட்டேன்.

கூடத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சோதனைக்கு முழு மதிப்பெண். தமிழ் இல்லாததற்கு ஒன்று, பழைய அளவு மாறினதை ஒரு வரியில் சொல்லாததற்கு ஒன்று குறைத்தேன். மேசையில் இரண்டு மொழியில் ஒரு அட்டை வைத்தாலே போதும், அந்தப் பிள்ளைக்கு அதைச் செய்கிற அதிகாரம் இல்லை என்று விளங்குகிறது, அதனால் பொறுப்பானவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாரி முடிந்து தையில் நீர்மட்டம் ஏறினதும் இன்னொருமுறை கொடுத்துச் சோதிப்பேன், மழைத் தண்ணீர் சேர்ந்து அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அளவையும் இங்கேயே போடுகிறேன்.