இங்கிலீஷ் கலரா, அரக்கா? மாநிறத்துக்குத் துணி எடுக்கும்போது

புதுச்சேரி நேரு வீதியில் புடவை எடுக்கப் போகும் மாநிறப் பெண்ணுக்குப் பல கடைகளில் ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது. விற்பனையாளர் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறார். பிறகு அரக்கு, கருநீலம், பாட்டில் பச்சை எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பிஸ்தா, வெளிர் ரோஜா, வெங்காயத்தோல் நிறம் என்று ‘இங்கிலீஷ் கலர்’ புடவைகளாக விரிக்கிறார். “அடர்ந்த கலர் முகத்தை டல்லாகக் காட்டும் அக்கா, இதுதான் உங்களுக்குப் பளிச்சென்று இருக்கும்” என்கிறார். கூட வந்த அத்தையும் தலையாட்டுகிறார்.

நல்லெண்ணத்தில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் உடுத்தும் துணி நம்மை ஓரிரு படி வெளுப்பாகக் காட்ட வேண்டும் என்ற கணக்கு அதன் அடியில் இருக்கிறது. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் உறவுக்காரப் பெண்களுக்குத் துணி எடுக்கக் கூடப்போவது என் வழக்கம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: துணியை மேலே போட்டவுடன் என் கண் நேராக அவள் முகத்துக்குப் போகிறதா, துணியிலேயே நின்றுவிடுகிறதா? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கடையில் கேட்கும் பல விதிகள் தலைகீழாகிவிடுகின்றன.

வெளிரும் அடர்த்தியும்

வெளிர் துணி மாநிறத்தை வெளுப்பாகக் காட்டும் என்பது அடிப்படையிலேயே தவறு. பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்களில் ஒன்று மற்றதைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். பாரிசின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், இதை 1839இல் விரிவாக எழுதினார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்யப்பட்டதால்தான் அந்தக் கறுப்பு சோகையாகத் தெரிந்தது. புடவைக்கும் இதே விதிதான். வெளிர் பிஸ்தாவை மாநிறக் கழுத்தோடு ஒட்டி வைத்தால் கழுத்து இன்னும் கறுப்பாகத் தெரியுமே தவிர வெளுக்காது.

அதற்காக வெளிர் நிறமே கூடாது என்று சொல்ல மாட்டேன். வெளிரில் இரண்டு சாதி உண்டு. எலுமிச்சை மஞ்சள், ஆகாய நீலம், மல்லிகை வெள்ளை ஆகியவை தெளிந்த நிறங்கள். இவை மாநிறத்துக்கு எதிராக நிமிர்ந்து நின்று, கண்ணையும் பல்வரிசையையும் எடுத்துக் காட்டும். பவுடர் பிங்க், சாம்பல் படிந்த லாவெண்டர், காப்பியில் பால் அதிகமானது போன்ற பழுப்பு ஆகியவை சாம்பல் கலந்தவை. இவற்றில் இருக்கும் சாம்பல்தான் முகத்திலும் ஏறிவிடுகிறது. அடர் நிறங்களிலும் இதே பிரிவு இருக்கிறது. அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி, மிளகாய்ப்பழச் சிவப்பு தெளிந்தவை. சேற்றுப் பழுப்பும் மங்கிய ஆலிவும் அப்படி அல்ல. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, வெளிரா அடர்த்தியா என்பதைவிட, தெளிவா சாம்பலா என்பதுதான்.

தங்கை மகளின் வரவேற்புக்குப் புடவை எடுத்தபோது இரண்டு புடவைகள் கடைசிவரை போட்டியில் நின்றன. ஒன்று பவுடர் பிங்க் ஜார்ஜெட், மற்றது கடுகு மஞ்சள் பார்டர் வைத்த அரக்கு. அவள் போட்டிருந்த சுடிதாரின் கிளிப்பச்சை குறுக்கிடாமல் இருக்க, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்தி, வாசலுக்கு அழைத்துவந்து, தோளில் மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம். பிங்க்கைப் போட்டதும் கண்ணுக்குக் கீழேயும் வாயின் இரு ஓரங்களிலும் இருக்கும் இயல்பான கருமை திட்டுத் திட்டாக எழுந்தது. அரக்கைப் போட்டதும் அந்தத் திட்டுகள் அடங்கிவிட்டன. கன்னத்தில் செம்மை தெரிந்தது. கண்ணின் வெள்ளை இன்னும் வெள்ளையானது. “பெரியம்மா, நான் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறேன்” என்று அவளே சொன்னாள். நீங்களும் பார்க்க வேண்டியது மூன்று இடங்களைத்தான்: கண்ணுக்குக் கீழ், வாயோரம், தாடை விளிம்பு.

கருநீலம் கறுத்த உடம்புக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு இந்த ஊரின் வரலாறே பதில் சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்குகளில் ஒன்று அவுரிச் சாயமேற்றிய கருநீலத் துணி. பிரெஞ்சு வணிகர்கள் அதை ‘கினே’ என்றார்கள். செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு மாற்றாக அது கைமாறியது. அங்கிருந்தவர்கள் சாயத்தின் அடர்த்தியைப் பார்த்துத் தரம் பிரித்து வாங்கினார்கள். அடர் நீலத்தின் அழகு அடர் தோலில் எப்படித் தெரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நல்ல சிவப்பாக இருக்கும் பெண்களுக்குச் சாம்பல் கலந்த நிறங்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆனால் தோலில் மஞ்சள் சாயல் இருந்தால் கடுகு மஞ்சளும் மருதாணிப் பச்சையும் அவர்களைக் காய்ச்சலில் எழுந்தவர்கள் போல ஆக்கிவிடும்.

நரம்பைப் பார்ப்பதா, துணியைப் போட்டுப் பார்ப்பதா

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் உங்கள் தோலின் சாயல் வெதுவெதுப்பானது (மஞ்சள் சார்ந்தது), நீலமாகத் தெரிந்தால் குளிர்ச்சியானது (நீலம் சார்ந்தது) என்று ஒரு சோதனை எங்கும் சுற்றுகிறது. வெளுத்த தோலுக்கு அது ஓரளவு உதவலாம். மாநிறத்துக்கு மேலே போனால் நரம்பின் நிறத்தைப் பிரித்துச் சொல்வதே கடினம். தோல், கூந்தல், விழி நிறங்களைப் பார்த்து ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரித்து நிறப் பட்டியல் கொடுக்கும் ‘நான்கு பருவ’ முறை 1980களில் அமெரிக்காவில் பரவியது. அதிலும் இதே குறை இருந்தது. கறுங்கூந்தலும் கருவிழியும் உடைய நம் போன்றவர்களில் பெரும்பாலோரை அது ‘குளிர்காலம்’ என்ற ஒரே அறைக்குள் அடைத்துவிட்டது. எலுமிச்சை நிறத்துக்காரியும் கருங்காலி நிறத்துக்காரியும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

நம்மிடம் இதைவிட நல்ல கருவி இருக்கிறது. தங்கச் சரிகை முந்தானை ஒன்றையும் வெள்ளிச் சரிகை முந்தானை ஒன்றையும் முகத்தருகே மாற்றி மாற்றிப் பிடியுங்கள். தங்கம் தோலோடு கலந்து இழைந்தால் மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப்பச்சை பக்கம் போகலாம். வெள்ளி இழைந்தால் வாடாமல்லி, ராமர் நீலம், கத்தரிப்பூ நிறம் பக்கம் போகலாம். இரண்டும் பொருந்துகிறவர்களும் நிறைய உண்டு. அவர்கள் இந்தச் சோதனையை மறந்துவிட்டுப் பிடித்ததை எடுக்கலாம்.

எதைச் சோதித்தாலும் பகல் வெளிச்சத்தில் சோதியுங்கள். கடை விளக்கில் ஒன்று போலத் தெரியும் இரண்டு சாயங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும்; சாயக் கலவை வேறு என்பதுதான் காரணம். ஜாக்கெட் துணி மேட்சிங் பார்க்கும்போது இது கட்டாயம். மெரூனும் ராயல் நீலமும் இதில் அடிக்கடி ஏமாற்றும். ஆனால் வரவேற்பு மண்டபத்தில் இரவு மட்டுமே உடுத்தப்போகும் புடவை என்றால், விளக்கு வெளிச்சத்திலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மஞ்சள் சுவருக்கு முன்னால்

புதுச்சேரிக்கென்றே ஒரு தேர்வுச் சிக்கல் உண்டு. பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ள எந்த உடை? மஞ்சளையும் ஆரஞ்சையும் போட்டால் சுவரோடு கரைந்துவிடுவீர்கள். வெள்ளை பாதுகாப்பானது, ஆனால் வெயில் நேரத்தில் சுவர் திருப்பியனுப்பும் மஞ்சள் ஒளி அதில் படிந்து, சலவைக்குத் தவறிய துணி போலத் தெரியும். அந்தச் சுவருக்கு நேர் எதிரே நிற்பவை நீலமும் ஊதாவும். அவுரி நீலக் கைத்தறிப் புடவை அங்கே எடுப்பாக இருப்பது போல வேறு எதுவும் இருப்பதில்லை. சுவரில் காகிதப்பூக் கொடி படர்ந்திருந்தால் வாடாமல்லியைத் தவிர்த்துவிடுங்கள். பூவும் புடவையும் ஒன்றோடொன்று சண்டை போடும். கடற்கரைச் சாலையில் பின்னால் வருவது கடலும் வானமும் என்பதால் கணக்கு மாறுகிறது. அங்கே மிளகாய்ப்பழச் சிவப்புக்குத்தான் என் ஓட்டு.

வெட்டும் நீளமும்

குர்தியில் நேர் வெட்டுக்கும் ஏ-லைனுக்கும் நடக்கும் போட்டியில் பலர் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இடுப்புக்கும் தோளுக்கும் உள்ள அகல வேறுபாடு. தோளும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே அகலம் என்றால் நேர் வெட்டு கம்பீரமாக இருக்கும். இடுப்பு அகலமானவர்களுக்கு நேர் வெட்டில் சைடு ஓப்பன் தொடங்கும் இடத்தில் துணி விரிந்து இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் வழிந்துவிடும். ஏ-லைன் விலாவுக்குக் கீழே மெல்ல விரிவதால் அந்த இழுப்பு இல்லை. ஆனால் ஒல்லியாக, குட்டையாக இருப்பவர் விறைப்பான காட்டனில் ஏ-லைன் தைத்தால் மணி கவிழ்த்த மாதிரி நிற்கும். அவருக்குத் தளர்ந்து விழும் துணிதான் வேண்டும்.

நீளத்தில் அங்குலக் கணக்கு பேசும். சுமார் 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு 46 அங்குலக் குர்தி கணுக்காலுக்குச் சற்று மேலே போய் முடியும். கால் என்ற ஒன்றே தெரியாது. 36 அங்குலம் முழங்காலை ஒட்டி நின்று, கீழே ஒரு நீளத்தை மிச்சம் வைக்கும். இடைப்பட்ட நீளத்தில், கெண்டைக்கால் தடித்த இடத்தில் போய் விளிம்பு முடிந்தால்தான் உருவம் அமுங்கித் தெரிகிறது. 5 அடி 6 அங்குலம் இருப்பவருக்கு அதே 46 அங்குலம் அழகாக விழும்.

புடவை பார்டரும் அப்படித்தான். 5 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், கொசுவம் செருகும் இடத்திலிருந்து தரை வரை சுமார் 37 அங்குலம்தான் இருக்கும். அதில் 10 அங்குல பார்டர் என்றால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்கிறது. பெரிய பார்டர் மேல் ஆசை இருந்தால், புடவையின் உடல் பகுதி நிறத்துக்கு நெருங்கிய நிறத்திலேயே பார்டர் உள்ளதாகத் தேடுங்கள். கண் அங்கே வெட்டுப்பட்டு நிற்காது.

குறுக்குக் கோடு பருமனாகக் காட்டும் என்ற பேச்சை நம்பி நல்ல துணிகளைத் தள்ளிவிடாதீர்கள். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகத் தெரியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியிருக்கிறார். கோட்டின் திசையைவிட, துணி உடம்பில் எங்கே இறுகுகிறது என்பதே உருவத்தைத் தீர்மானிக்கிறது.

காட்டனா, ஜார்ஜெட்டா, ரேயானா

இந்தக் கடலோரப் புழுக்கத்தில் இது அழகுக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கும்போது, ஜார்ஜெட் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரேயான் கடையில் வழுவழுவென்று அழகாக விழும். வியர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டும், ஈரத்தில் அதன் வலுவும் குறையும். காட்டனே என் தேர்வு. கசங்குகிறது என்பவர்களுக்கு மல் காட்டனைச் சொல்வேன். அதன் சுருக்கமே அதற்கு அழகு. மெல்லிய துணி என்பதால் லைனிங் வேண்டும்.

நிறத்திலும் புழுக்கம் குறுக்கே வருகிறது. முகத்துக்கு அவ்வளவு பொருந்தும் ஆகாய நீலம் அக்னி நட்சத்திரத்தில் ஆகாது. அக்குளில் வியர்வை வட்டத்தை ஊருக்கே காட்டும். நடுத்தரச் சாம்பலும் அப்படியே. வெள்ளை, கருநீலம், நெருக்கமான சின்னப் பூப் போட்ட துணி ஆகியவை மறைத்துவிடும். வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் இடையே என்றால், வெள்ளைக்குப் பராமரிப்பு அதிகம். உவர்ப்பும் இரும்பும் கலந்த போர் தண்ணீரில் துவைக்கத் துவைக்க அது பழுத்துவிடும். சொட்டு நீலம் போட்டால் அந்தப் பழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். அந்தப் பாடு வேண்டாம் என்பவர் சந்தனம் எடுக்கலாம், முகத்தருகே சாம்பல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு.

ரெடிமேடா, தையலா

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரெடிமேட் குர்திகளில் தேடினால் நல்ல நிறம் நிச்சயம் கிடைக்கும். அளவுதான் கிடைப்பதில்லை. அங்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தோள் சரியாக இருப்பதை மட்டும் எடுங்கள். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் சின்ன வேலை. வழியும் தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து முழுதாகத் திரும்பத் தைக்க வேண்டும். குர்தியின் விலையே அதற்குப் போய்விடும்.

ஜாக்கெட்டுக்கு மட்டும் தையலைத் தவிர வேறு வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுத்து குட்டையானவர்களுக்கு, தோளுக்குத் தோள் அகலமாகக் கழுத்தை ஒட்டி வெட்டும் போட் நெக் எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் வேண்டாம்; ‘வி’ வடிவமோ ஆழமான ‘யு’ வடிவமோ கழுத்துக்கு இடம் கொடுக்கும். கை, புஜத்தின் தடித்த இடத்தில் முடியக் கூடாது. அதற்கு மேலேயோ, முழங்கையை ஒட்டியோ முடியட்டும். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவதைவிட, நேரில் நின்று அளவு கொடுத்து, பக்கத் தையலில் இருபுறமும் ஒரு அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம்.