குமரி மாவட்ட கார் டீடெயிலிங் கடைகள்: எந்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்?

நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை போனால், கண்ணில் படும் டீடெயிலிங் (காரை ஆழமாகக் கழுவி, பாலிஷ் போட்டு, பாதுகாப்புப் பூச்சு பூசும் வேலை) போர்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான்: ‘9எச் செராமிக்’ (பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு), ‘மூன்று வருட வாரண்டி’, கூடவே ‘இன்டீரியர் ஃப்ரீ’. டெலிவரி எடுக்கும் அன்று எல்லாக் கடை வேலையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் மின்னும். வித்தியாசம் தெரிவது அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகு. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. கடற்காற்றில் உப்பு, கரையோர போர்வெல் தண்ணீரிலும் உப்பு. இதற்கு ஏற்ற மாதிரி வேலை செய்கிற கடைக்குத்தான் கூடுதல் காசு தகும். கடை நடத்துகிறவர் பக்கத்துக் கடையை முந்த நினைத்தாலும் வழி அதுதான்.

முதலில் அடிப்பாகம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் நிற்கிற வண்டிக்குக் கீறலைவிடத் துருதான் பெரிய எதிரி. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் வீல் ஆர்ச் மடிப்பு, ஜாக்கி வைக்கிற விளிம்பு, சைலன்சர் பிராக்கெட் எல்லாம் ஈரமாகவே கிடந்து அரிக்கும். பழைய வாட்டர் சர்வீஸ் பழக்கத்தில் அடியில் டீசல் அடித்து அனுப்புகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அன்றைக்குக் கறுகறுவென்று பளிச்சென இருக்கும். ஆனால் டீசல் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷையும் ‘பூட்’ எனும் ரப்பர் உறையையும் ஊதவைத்துக் கெடுக்கும். போதாதற்குப் புழுதியையும் பிடித்து வைக்கும். இதைச் செய்கிற இடத்தில் வேறு எந்த வேலைக்கும் வண்டியை விட வேண்டாம்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? லிஃப்டில் ஏற்றி, நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி, ப்ளோயரால் ஊதி, ஓர் இரவாவது காயவிட வேண்டும். துருப்பிடித்த இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து துருவை மேலும் பரவாமல் நிறுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, அதற்கு மேல்தான் ரப்பர் கோட்டிங். “அண்ணே, காலையில விடுங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்” என்று சொன்னால், ஈரத்தின் மேலேயே அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கோட்டிங் அப்பளம்போலப் பெயரும்போது உள்ளே தகடு அரித்திருக்கும். சைலன்சர், பிரேக் டிஸ்க், சென்சர் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துத்தான் ஸ்ப்ரே செய்ய வேண்டும். வண்டியைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கும்போது கதவின் அடி விளிம்பைத் தடவி, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை அடைபட்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். கதவின் உட்பக்கத்துக்கும் கதவுக்குக் கீழே உள்ள ‘சில்’ பகுதிக்கும் கேவிட்டி வேக்ஸ் (உள் குழிகளில் துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்கிற கடை அபூர்வம். கடலோரத்துக்காரர்கள் செராமிக்கை விட்டுவிட்டு இதற்குச் செலவழிக்கலாம்.

அடுத்தது தண்ணீர். கறுப்பு வண்டியின் பானெட்டில் வெள்ளை வட்டம் விழுந்திருந்தால், பெரும்பாலும் அது கழுவிய தண்ணீர் விட்டுப்போன உப்பு. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்குழாயில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 300-ஐத் தாண்டுகிற தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கறை நிச்சயம். போர்வெல் தண்ணீரில் கழுவுவதில் தப்பில்லை, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ உப்பு நீக்கிய டீஅயனைஸ்டு தண்ணீரோ இருந்தால் போதும். ஒரு காருக்கு இருபது, முப்பது லிட்டரில் முடியும். இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வடிகட்டி வைத்தால் இன்னும் மலிவு. ஏனோ யாருக்கும் இது தோன்றுவதில்லை.

பாலிஷிங்கில்தான் பெயிண்டுக்கு நிரந்தரச் சேதம் வருகிறது. கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 90 முதல் 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 வரைதான். கடுமையான காம்பவுண்ட் ஒரு தடவை ஓடினால் மூன்று, நான்கு மைக்ரான் போய்விடும். வருடத்துக்கு ஒரு முறை ‘ரப்பிங்’ போடுகிறவரின் வண்டி சில ஆண்டுகளில் கூரையில் வெளுத்து உரிவது இதனால்தான். ஆகவே மெஷினைத் தொடும் முன் தடிமனைக் காட்டும் பெயிண்ட் மீட்டர் வைத்து, பேனல் பேனலாக அளந்து, எழுதிக் கொடுக்கிற கடைக்கே போங்கள். 200-க்கு மேல் காட்டினால் அந்தப் பேனல் மறுபெயிண்ட். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினவருக்கு இந்தத் தாளே தனி லாபம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அங்கே வேலை செய்யாது. அங்கேயும் எண் எழுதியிருந்தால் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

கீறல் உண்மையாகவே போயிருக்கிறதா, எண்ணெயில் மறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஓரடி இடத்தில் துடைக்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மறைத்த கீறல் அப்போதே தலைகாட்டும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினை மட்டும் ஓட்டி நிறுத்தினால் வெயிலில் வில் வில்லாக ஹோலோகிராம் எனும் பாலிஷ் தடம் தெரியும். டியூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுழன்றுகொண்டே ஊசலாடும் வகை) ஃபினிஷிங் பேட் போட்டு முடித்திருக்க வேண்டும்.

செராமிக் கோட்டிங் பற்றிப் பேச்சு பெரிது, விஷயம் சிறிது. 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; கல்லின் கடினத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. மணவாளக்குறிச்சிக் கரையில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை பிரித்தெடுக்கும் மணலில் கார்னெட், சிர்க்கான் ஆகிய கடினமான கனிமத் துகள்களும் உண்டு. கல்லின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சிர்க்கானின் கடினம் 7.5. அந்த மணல் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால் எந்தக் கோட்டிங்கும் கீறும். தண்ணீர் ஒட்டாமல் ஓடுவது, அழுக்கு சுலபமாகக் கழுவிப் போவது, இந்த இரண்டுக்குத்தான் செராமிக். பத்து லேயர் என்று காசு வாங்குவது வெறும் வியாபாரம். இரண்டாவது லேயருக்கு மேல் பலன் பெரிதாகக் கூடுவதில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கோட்டிங் வேகமாக இறுகும். ஒரே மூச்சில் பானெட் முழுக்கத் தடவினால் துடைக்கும் முன்பே பிடித்துக்கொண்டு, மழைக்காலத்து எண்ணெய்ப் படலம் மாதிரி ‘ஹை ஸ்பாட்’ எனும் திட்டுகள் நிற்கும். இறுகிய பின் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். இரண்டடிக்கு இரண்டடி கட்டமாகத் தடவி, மைக்ரோஃபைபரை அடிக்கடி மாற்றித் துடைப்பதே முறை. முதல் 24 மணி நேரம் வண்டியில் தண்ணீர் படக்கூடாது. ஆடி மாதம் மூடிய ஷெட் இல்லாத கடையில் இதைச் செய்யக் கொடுக்காதீர்கள். ஆரல்வாய்மொழி வழியாக ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடுகிறவருக்குத் தேவை பி.பி.எஃப். (பெயிண்டின் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்), அதுவும் பம்பர், பானெட் முனை, மிரர் வரை போதும். ஃபிலிமைப் பெயிண்டின் மேல் வைத்துப் பிளேடால் வெட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

இன்டீரியரில் பூஞ்சைதான் பிரச்சினை, முக்கியமாகக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம். வாசனை ஸ்ப்ரே அதை மூடி வைக்குமே தவிரப் போக்காது. மேட்டையும் கார்ப்பெட்டையும் தூக்கி, அடியிலிருக்கும் பஞ்சைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஏ.சி. வடிகால் குழாய் அடைப்பு, இல்லையேல் கதவு ரப்பர் கசிவு. அதைச் சரிசெய்யாமல் ஷாம்பூ போட்டால் மறுபடியும் முளைக்கும்.

வளைகுடாவில் இருப்பவர்களின் வண்டிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது இங்கே சகஜம். மாதம் ஒருமுறை போய் வண்டியைக் கழுவி, கதவைத் திறந்து காற்றாட விட்டு, பேட்டரியும் டயர் காற்றும் பார்த்து, வீடியோ அனுப்புகிற திட்டம் ஒன்றைக் கடைகள் போட்டால் வாடிக்கை தானாக நிற்கும். வாரண்டி தாளையும் வளைகுடாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சொன்ன மாதத்தில் அதே கடையில் மெயின்டனன்ஸ் வாஷ் செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது என்ற வரி பல தாள்களில் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். ஊரில் இல்லாதவர் பணம் கட்டும் முன்பே அந்த வரியை அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.