களிமண்ணில் பிறக்கும் நிலப்பிளவு: ஒரு மாதிரிக் கருவியின் மதிப்புரை

இரு நிலப்பகுதிகள் மேலெழாமலும் கீழிறங்காமலும் ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நகரும் பிளவுகளை விளக்குவதற்கென உருவாக்கப்பட்ட மேசைக் கருவி ஒன்றைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அருகருகே பொருந்திய இரண்டு உலோகத் தட்டுகள், அவற்றுள் ஒன்றை மெல்ல நகர்த்தும் கைப்பிடி, மேலே பரப்ப ஈரக் களிமண் என்ற அளவில் எளிமையானது; 1929-இல் நிலவியலாளர் ரீடல் வெளியிட்ட களிமண் சோதனையின் அடிப்படையும் இதுவே.

தட்டுகள் சந்திக்கும் கோடு நேராக இருப்பதால் மேலேயும் நேரான விரிசல்தான் விழும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கியதும், நகரும் திசைக்கு ஏறத்தாழ 15 பாகை சாய்வில், சாய்ந்த வேலிக்கம்புகளைப் போல் சிறு விரிசல்கள் வரிசையாகத் தோன்றின. மேலும் சுழற்றச் சுழற்ற அவை நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் ஒரே பிளவாகி, நகர்வு முழுவதையும் அதுவே ஏற்றுக்கொள்ள, இணையாத விரிசல்கள் செயலற்றுக் கிடந்தன. பிளவின் இரண்டு துண்டுகள் சற்று விலகி நின்ற ஓரிடத்தில் சிறு பள்ளம் விழுந்தது. சாக்கடல் அமைந்துள்ள பள்ளமும் இவ்வகைப்பட்டதே. பிளவின் வளர்ச்சியை இவ்வளவு தெளிவாக எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

தொடங்குமுன் களிமண்ணின் குறுக்கே ஒரு கோடு கீறிவைப்பது நல்லது. அது அறுந்து விலகும் தூரமே மொத்த நகர்வு. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, சுமார் 2.3 கோடி ஆண்டுப் பழமையுள்ள எரிமலைப் பாறைத்தொகுதி ஒன்றை அறுத்து, அதன் பகுதிகளைச் சுமார் 315 கிலோமீட்டர் பிரித்துவைத்திருப்பது இக்கோட்டைப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

களிமண்ணின் ஈரம் குறித்துக் கையேடு ஒரே வரியில் முடித்துக்கொள்வதால் என் முதல் இரண்டு முயற்சிகளில் மண் காய்ந்து வெடித்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நகர்வின் இயல்பைக் கருவி தவறாக உணர்த்துவதுதான் பெரிய குறை. கைப்பிடி சீராகச் சுழல்வதால் பிளவும் சீராக வழுக்குகிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே ஓடும் வாலஸ் ஓடை ஏறத்தாழ 3,700 ஆண்டுகளில் 130 மீட்டர் விலகியிருப்பதால் ஆண்டுக்குச் சராசரி 34 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் அந்தப் பகுதி 1857 நிலநடுக்கத்தில் ஒரே வீச்சில் பல மீட்டர் நகர்ந்து, அன்றுமுதல் இறுகி நிற்கிறது. சராசரியை மட்டும் காட்டும் இக்கருவியை வகுப்பில் பயன்படுத்துவோர், உப்புத்தாளின் மேல் வைத்த மரக்கட்டையைச் சுருள்வில்லால் இழுத்து, அது நின்று நின்று திடீரெனத் தாவுவதையும் உடன் காட்டிவிட வேண்டும்.