சஸ்பென்ஷன் லிங்க்: ரெடிமேடா, பாதி வெல்டா, முழுக்கச் சொந்தமா?

ஆஃப்ரோடு வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டுவிட்டால், அடுத்து கைவைக்க வேண்டியது ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் லிங்க்குகளில்தான். பழைய நீளம் பத்தாது. ஆக்சில் இழுபடும், பினியன் கோணம் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலில் நுழையும் கோணம்) மாறும், லிங்க் முனையில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது லிங்க்குக்கு மூன்று வழி இருக்கிறது: தயாராக வாங்கி போல்ட் போடுவது, டியூபும், ஜாயின்டை முறுக்கிப் பொருத்த உள்ளே மரை வெட்டிய டிரெட் புஷ்ஷும் வாங்கி நாமே வெல்டு வைப்பது, பிராக்கெட் வரைக்கும் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்வது.

இதில் சண்டை எப்போதும் வெல்டரின் கைத்திறமையைச் சுற்றியே நடக்கிறது. கை முக்கியம்தான். ஆனால் அந்த வெல்டு லிங்க்கில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

லிங்க்கின் இரண்டு முனையும் புஷ்ஷிலோ ஜாயின்டிலோ சுழலும். அதனால் ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் பிரேக் பிடித்தாலும் லிங்க்குக்கு வருவது நேர் இழுப்பும் நேர் தள்ளலும்தான். 50 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. சுவர் உள்ள டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 157 மி.மீ. சுற்றிலும் 5 மி.மீ. கனத்துக்கு வெல்டு உருகிப் பிடித்திருந்தால், எச்சரிக்கையாக 145 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 145 நியூட்டன்) என்று கணக்கிட்டாலும் 11 டன்னுக்கு மேல் தாங்கும். பலம் பத்தாமல் போவது இங்கே அரிது.

பாறையில் உட்காரும்போது கதை வேறு. ஒரு மீட்டர் நீள லிங்க்கின் நட்டநடுவில் ஒரு டன் எடை விழுந்தால், மேலே சொன்ன டியூபில் வளைவுத் தகைவு (வளையும்போது உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம்) சுமார் 300 மெகாபாஸ்கல். டி.ஓ.எம். டியூப் (அச்சின்மேல் குளிர்நிலையில் இழுத்துச் செய்த எஃகுக் குழாய்) 480 வரை வளைந்து திரும்பும். அதே அளவில் சாதாரண தண்ணீர் பைப் 240 பக்கமே நிரந்தரமாக வளைந்துவிடும். உள்ளே குழியில்லாத கனமான கம்பி போட்டால் தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 38 மி.மீ. உருட்டுக் கம்பி இந்த டியூபைவிட எடை அதிகம், வளைவைத் தாங்குவதோ மூன்றில் இரண்டு பங்குதான்.

இந்த வளைவு நடுவில் உச்சம், முனைகளில் கிட்டத்தட்ட சுழியம். ஆகவே முனையில் இருக்கும் வெல்டுக்கு வளைவு வேலையே இல்லை. ஷாக் பிராக்கெட்டை லிங்க்கின் நடுவில் வைத்து வெல்டு அடித்தால், அதே கை, அதே மெஷின், அதே வெல்டிங் ராடு, ஆனாலும் அது மோசமான இடத்தில் உட்கார்ந்த வெல்டு.

மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில்

வாங்கும் லிங்க்கிலும் பெரும்பாலும் வெல்டு இருக்கும். இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கிடைக்கும் லாபம், நல்ல தயாரிப்பாளராக இருந்தால், ஒரே ஜிக், ஒரே செட்டிங், மாதிரி ஒன்றை வெட்டிப் பார்த்த பழக்கம். வண்டிக் கம்பெனியே ஃபோர்ஜ் செய்தோ தகட்டை அழுத்தியோ தரும் ஆர்ம் இன்னும் நிம்மதி, ஏனென்றால் அது பொதுவாக உடைவதற்கு முன் நன்றாக வளைந்து காட்டும். குறை என்னவென்றால் நீளம் நமக்கு வேண்டிய இடத்தில் நிற்காது.

இரண்டாவது வழியில் லேத்தில் கடைந்த டிரெட் புஷ் டியூபுக்குள் இறங்கி உட்காரும், நாம் சுற்றி வெல்டு வைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். புஷ்ஷின் உடம்பே டியூபை நேராகப் பிடித்துக்கொள்கிறது, வெல்டுக்கு உள்பக்கம் தாங்கலும் ஆகிறது, வெல்டும் முனையிலேயே நிற்கிறது. டியூப் ஓரத்தைச் சரிவாகக் கிரைண்ட் செய்து, கருப்புத் தோலை எடுத்துவிட்டு, டியூப் சுவரில் துளை போட்டு அதன் வழியாகவும் புஷ்ஷோடு ஒரு வெல்டு கொடுத்தால் முதல் வெல்டு வரியில் ஏதாவது தப்பினாலும் பிடி இருக்கும். ரப்பர், நைலான் உள்ள ஜாயின்டை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். டிரெட் சூட்டில் கோணாமல் இருக்க ஒரு பழைய போல்ட்டை முறுக்கி வைத்து அடிப்பார்கள், அது நல்ல பழக்கம்.

மூன்றாவதில்தான் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. லிங்க் பிராக்கெட்டை ஆக்சில் டியூபில் வைக்கும்போது ஒரே மூச்சில் நீளமாக அடித்தால் டியூப் வளையும், பிறகு ஆக்சில் ஷாஃப்ட்டும் சீலும் தேயும். சிறு சிறு துண்டாக, எதிரெதிர்ப் பக்கமாக, ஆறவிட்டு அடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. அதன்மேல் எஃகுத் தகட்டை வழக்கமான முறையில் பற்றவைத்தால் ஓரத்திலேயே விரிசல் விடும். போல்ட்டை ஒரு பக்கத் தகடு மட்டும் தாங்கும் பிராக்கெட்டை விட, இரண்டு பக்கமும் தகடு உள்ளது எவ்வளவோ மேல். சேசிஸில் வைக்கும் தகட்டின் ஓரம் சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக முடியக்கூடாது. சாய்வாகவோ வளைவாகவோ முடிய வேண்டும், இல்லையென்றால் அந்தக் கோட்டிலேயே சட்டம் கிழிய ஆரம்பிக்கும்.

எந்த வெல்டிங்?

சி.ஓ.2 (கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங்) வேகமானது, எளிது, ஏமாற்றவும் வல்லது. வெளியே வழவழவென்று வரி விழும், உள்ளே தகடு உருகியே இருக்காது. 6 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் பிடிக்க 200 ஆம்பியர் பக்கம் வேண்டும். சின்ன மெஷினில் அடித்தால் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆர்கான் (டிக் வெல்டிங்) நிதானமானது, உருகுவது கண்ணுக்குத் தெரியும், மெல்லிய சுவருக்கும் குரோமோலிக்கும் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) அதுதான் ஏற்றது. ஆர்க்கில் (ராடைக் கையில் பிடித்து அடிக்கும் வெல்டிங்கில்) 7018 என்ற ரக ராடு கனத் தகட்டுக்கு நல்ல தோழன். ஆனால் ஈரம் இழுத்த ராடால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகும். அந்த விரிசல் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்தும் திறக்கும். அதனால் ராடைச் சூடான அடுப்பில் வைத்து எடுப்பார்கள்.

இடையில் ஒன்று: எண்ணெய் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்துவிட்டு வெல்டு வைக்காதீர்கள். ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும். துத்தநாகம் பூசிய பைப்பின் புகையும் ஒத்துக்கொள்ளாது.

“வெல்டு தாய் உலோகத்தைவிடப் பலம்”

பட்டறையில் அடிக்கடி சொல்லும் இந்த வாக்கியம், ஒரே முறை இழுத்து உடைத்துப் பார்த்தால் சரிதான். வண்டியில் உடைப்பது ஒரே இழுப்பு அல்ல, லட்சக்கணக்கான சின்னச் சின்ன இழுப்புகள். வெல்டும் தகடும் சேரும் விளிம்பில் தகைவு குவியும், ஆறும்போது சுருங்கியதால் உள்ளேயே ஓர் இழுப்பும் தங்கியிருக்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டு மூட்டில் தகைவு வீச்சு (ஒவ்வொரு இழுப்பிலும் தகைவு ஏறி இறங்கும் அளவு) இரட்டித்தால் ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும் என்பது வடிவமைப்பு விதிகளில் வழக்கமான கணக்கு. அதே விதிகளில், வெல்டு வைத்தபடியே விட்ட மூட்டுக்கு உயர்ந்த ரக எஃகு என்பதற்காகக் கூடுதல் ஆயுள் கொடுப்பதில்லை. ஆக, விலை கூடிய குரோமோலி வாங்கினால் நடுவில் வளையாமல் நிற்கும், மூட்டு அதனால் நீடித்து உழைக்கப் போவதில்லை. அது காற்றிலேயே கடினமாகும் ரகம் வேறு. கனமான துண்டாக இருந்தால் முன்கூட்டியே சூடு காட்டி அடித்து, மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் வெல்டின் ஓரம் எளிதில் நொறுங்குவதாகிவிடும்.

ஒப்பிடவே வேண்டாத பொருட்களும் உண்டு. காயில் ஸ்பிரிங், லீஃப் பட்டை, டார்ஷன் பார் இவையெல்லாம் சூடாக்கி ஆற்றிப் பதம் போட்டவை, சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஸ்டீரிங் நக்கிள், டை ராடு, பால் ஜாயின்டின் கூடு ஆகியவற்றில் ஒரு வெல்டு போனால் வண்டி திரும்பாது. பின் லிங்க் ஒன்று போனாலும் ஆபத்துதான், ஆனால் குறைந்த வேகத்தில் பிரேக் பிடித்து நிறுத்த ஒரு வாய்ப்பு இருக்கும். ஸ்டீரிங்கில் அந்த வாய்ப்பும் இல்லை. இந்தப் பொருட்களை வாங்குங்கள், பேச்சே வேண்டாம்.

வாகன விதிகளும் இதில் குறுக்கிடும். சஸ்பென்ஷன் மாற்றத்துக்குப் பொறியாளர் சான்று கேட்கும் நாடுகள் உண்டு. பொதுச் சாலையில் ஓட்டப்போகும் வண்டி என்றால் வெட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்தமாக அடிப்பதென்று முடிவாகிவிட்டால், அதே டியூபில், அதே செட்டிங்கில் ஒரு மாதிரி மூட்டு செய்து குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தைத் தேய்த்து அமிலம் தடவினால் எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உண்மையான லிங்க்கை இரண்டு நாள் விட்டு, சிவப்புச் சாயம் தடவும் டை பெனிட்ரன்ட் சோதனை செய்யுங்கள். பெயின்ட் வெளிர் நிறத்தில் மெல்லிசாக இருக்கட்டும், விரிசலிலிருந்து கசியும் துருக்கோடு அதில்தான் கண்ணில் படும். கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வரி வெல்டு வைத்து மூடாதீர்கள். மூட்டை முழுசாக அறுத்து எடுத்துவிட்டு, எந்த இழுப்பு அங்கே விரிசல் விட்டது என்று பார்த்துப் புதிதாகச் செய்யுங்கள்.